அலமாரியில் உறங்கும் பெட்டி

கீழக்கரையில் என் நண்பர் ஒருவருக்குப் பூர்வீக வீடு இருக்கிறது. பவளக் கல்லும் சுண்ணாம்புமாக முன்னோர் எழுப்பிய வீடு. (அந்தக் கரையில் ஒரு காலத்தில் அப்படிக் கட்டினார்கள். 2001-ம் ஆண்டு முதல் பவளத்தைச் சட்டம் காக்கிறது. இனி அதைக் கடலிலிருந்து எடுக்கலாகாது. நியாயந்தான்.) கோடையிலே அந்த வீட்டுக்குள் நுழைந்தால் குளிர்ச்சியாயிருக்கும். ஆனால் வைஃபை அலைக்கு மட்டும் அந்தச் சுவர் வழி விடுவதில்லை.

இண்டர்நெட் கம்பெனி ஆள் வாசல் கூடத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நண்பருடைய உம்மம்மாவோ பின்கட்டு அறையை விட்டு எழுந்து வர இயலாதவர். நண்பரின் தம்பி குவைத்தில் உத்தியோகம் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் பாட்டியுடன் முகம் பார்த்துப் பேசுவார். பேச்சின் நடுவே படம் உறைந்துபோகும். "பிள்ளை ஏன் வாயைத் திறந்தபடியே இருக்கிறான்?" என்று அந்த மூதாட்டி கவலையோடு கேட்டதை நானே அருகிலிருந்து கேட்டேன்.

நண்பர் ரிப்பீட்டர் வாங்கப் புறப்பட்டார். நான் தடுத்தேன். சுவருக்கப்பால் மங்கலாகக் கேட்டதைத்தான் அது திரும்பச் சொல்லும். ஒரே அலைவரிசையில் கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருப்பதால் வேகத்திலும் ஏறக்குறையப் பாதி போய்விடும். பழைய இணைப்போடு வந்த ரவுட்டர் ஒன்று அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. அதுவே போதும் என்றேன்.

முதலில் அதன் பின்புறத்து ரீசெட் துவாரத்தில் ஊசியை வைத்து அழுத்தி, பழைய நினைவையெல்லாம் அழித்தோம். பிறகு கம்ப்யூட்டரோடு தனியாக இணைத்து, அதன் விலாசத்தை மாற்றினோம். கூடத்து ரவுட்டரின் விலாசம் 192.168.1.1, அது மற்றக் கருவிகளுக்கு 100 முதல் 200 வரையுள்ள எண்களை வழங்கி வந்தது. ஆகவே பழையதற்கு 192.168.1.2 என்று வைத்தோம். அடுத்து, டி.எச்.சி.பி. என்னும் எண் வழங்கும் வேலையை அதில் நிறுத்தினோம். பலர் தவறுவது இங்கேதான்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயிலிலும், தலைமன்னார் வரை கப்பலிலும், அப்பால் கொழும்பு வரை மறுபடி ரயிலிலும் சென்றார்கள். 1964 டிசம்பர்ப் புயல் வரையில் போட் மெயில் பிரயாணம் அப்படித்தான் நடந்தது. நடுவழியில் இன்னொருவர் உட்கார்ந்து, முன்னே கொடுத்த ஆசன எண்களையே வேறு பேருக்கும் கொடுத்திருந்தால் என்ன அமளி நேர்ந்திருக்கும்! வீட்டில் எண் கொடுப்பவர் ஒருவரே இருக்க வேண்டும்.

வைஃபை பெயரும் ரகசியச் சொல்லும் இரண்டிலும் ஒன்றாகவே வைத்தோம். கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போனால் போன் தானாகவே இடம் மாறிக்கொள்ளும். சானல் மட்டும் வேறு: முன்னதற்கு 1, பின்னதற்கு 11. கடைசியாக, ஒன்றின் லான் துவாரத்திலிருந்து மற்றதன் லான் துவாரத்துக்குக் கேபிள். தனி நிறத்திலிருக்கும் வான் துவாரத்தைத் தொடவேயில்லை. 'அக்ஸஸ் பாயிண்ட்' என்றே ஒரு தேர்வு சில புது ரவுட்டர்களில் உண்டு; அவற்றில் இத்தனை சிரமமில்லை.

கேபிள் 100 மீட்டர் வரை செல்லலாம். எங்களுக்கு 22 மீட்டர் போதுமாயிற்று. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் உப்புக் காற்று அதை அரித்துவிடும். முனைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கேபிளை மொட்டை மாடி வழியே இழுக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்கு அது வாசற்படி. நாங்கள் தாழ்வாரத்து உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோனோம். நண்பரின் மனைவிக்கு அது கண்ணுக்கு அழகாயில்லை, இன்னும் முணுமுணுக்கிறார்.

ஒன்று சொல்ல மறந்தேன். டபிள்யூ.பி.ஏ.2 காவல்கூட இல்லாத மிகப் பழைய ரவுட்டரானால் அது அலமாரியிலேயே உறங்கட்டும். அந்நியர் நுழைய இடங்கொடுக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. உம்மம்மா வெகு நேரம் பேசாமல் பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வாப்பா, இப்படி மெலிந்துபோனாய்?" என்றார்.

அவர் மெலிந்து இரண்டு வருஷமாகிறதாம்.