பதின்மூன்றும் ஒருமனதாகவா?

அமெரிக்கா உருவான கதையைப் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள்: 13 காலனிகள் ஆங்கிலேயரை விரட்டின, கூடி ஓர் அரசியலமைப்பை எழுதின, அதை ஒருமனதாக ஏற்று மாநிலங்கள் ஆயின. இதில் முதல் வரி சரி. மற்றவை வரலாற்றோடு ஒத்துவரவில்லை.

ஒன்று: காலனிகளை மாநிலங்களாக்கியது அரசியலமைப்பு அன்று. 1776 ஜூலையில் விடுதலைப் பிரகடனம் வருவதற்கு முன்பே, அந்த ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் தனக்கென ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. கனெக்டிகட் அந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. மன்னர் தந்த பழைய சாசனத்தையே, மன்னரை மட்டும் விலக்கிவிட்டு, 1818 வரை வைத்து ஆண்டது. 1787-இல் அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடிப் பேரம் பேசியவை ஏற்கெனவே தனியரசு நடத்திவந்த மாநிலங்கள்.

இரண்டு: ஒருமனதாக ஏற்றவை டெலவேர், நியூ ஜெர்சி, ஜார்ஜியா ஆகிய மூன்றுதான். பென்சில்வேனியாவில், அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யும் மாநாட்டைக் கூட்டும் தீர்மானத்தைத் தடுக்க எதிர்த்தரப்பினர் சட்டமன்றத்துக்கே வரவில்லை. கோரம் இல்லாமல் அவை முடங்கியது. ஒரு கும்பல் அவர்களில் இருவரைத் தங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்து வந்து அவையில் உட்காரவைத்தது. தலை எண்ணிக்கை நிறைந்தது, தீர்மானம் நிறைவேறியது. வேறு சில இடங்களிலும் இழுபறிதான்: மாசசூசெட்ஸில் 187-க்கு 168, வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27.

மூன்று: புதிய அரசு 13 மாநிலங்களோடு தொடங்கவில்லை. எல்லோரும் இசையமாட்டார்கள் என்று தெரிந்துதான் 9 மாநிலங்கள் ஏற்றால் போதும் என்று அரசியலமைப்பின் ஏழாம் பிரிவில் எழுதிவைத்தார்கள். 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் முதல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது உள்ளே இருந்தவை 11. நார்த் கரோலினா நவம்பரில் வந்தது. பிலடெல்பியாவுக்கு ஆளே அனுப்பாத ரோட் ஐலண்டை வழிக்குக் கொண்டுவர, அதனுடனான வணிகத்தைத் தடைசெய்யும் மசோதாவை செனட் நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1790 மே 29 அன்று 34-க்கு 32 என்ற வாக்கில் அது இணங்கியது.

"கடைசியில் எல்லோரும் சேர்ந்தார்கள்தானே?" என்று கேட்கலாம். சேர்ந்தார்கள், ஆனால் சும்மா சேரவில்லை. மாசசூசெட்ஸ் தொடங்கிப் பல மாநிலங்கள் திருத்தங்களைப் பரிந்துரைத்தே ஒப்புதல் தந்தன. அந்த நெருக்குதலின் பலன்தான் 1791-இல் நடைமுறைக்கு வந்த முதல் 10 திருத்தங்கள். பேச்சுரிமையும் சமய உரிமையும் அவற்றில்தான் இருக்கின்றன. அந்த அரசியலமைப்பை உருவாக்கியவர்கள் பட்டியலில், அதை எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் இடம் உண்டு.