கைப்பேசித் திரையில் யாப்பு: இணையப் பக்கத் தோற்றத்தை எதைக் கொண்டு மாற்றுவது?

முன்னுரை

பாக் விரிகுடாக் கரையில், தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் உப்பூர். வெயிலுகந்த விநாயகர் கோயிலால் அறியப்படும் இவ்வூர் போன்ற ஊர்களிலிருந்து தமிழ் பயிலும் மாணவருக்குப் பெருநூலகங்கள் தொலைவில் உள்ளன. கைப்பேசியோ கையில் உள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகமும் (இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம்) சங்க நூல்களை இணையவழி எட்டச் செய்தன. அந்நூல் சிறுதிரையில் எவ்வடிவில் தோன்றுகிறது என்பதைத் தீர்மானிப்பது, இணையதளம் கைப்பேசியை இனங்கண்டு தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் முறையாகும். இதனைத் தொழில்நுட்பருக்கு மட்டும் உரியதாக விடலாகாது. இது பதிப்பியல் சார்ந்த சிக்கலுமாகும்.

அடி சிதைதல்

ஓலைச்சுவடியில் செய்யுள் அடி பிரிக்கப்படாமல் தொடர்ந்து எழுதப்பட்டது. அதனை அடியும் சீருமாகப் பிரித்து அச்சில் நிறுத்தியது பதிப்பாசிரியர்களின் உழைப்பு. உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணி (1887), புறநானூறு (1894) பதிப்புகள் இதற்குச் சான்று. குறுகிய திரை அவ்வுழைப்பை எளிதில் அழித்துவிடும். நாற்சீரடியின் இறுதிச் சீர் இடமின்றி அடுத்த வரிக்கு இறங்கினால், முச்சீர் ஒரு வரியாகவும் ஒரு சீர் மற்றொரு வரியாகவும் தோன்றும். நேரிசை ஆசிரியப்பாவை இனங்காட்டுவது ஈற்றயலடி முச்சீராய் வருவதே. எல்லா அடியும் முச்சீராய்த் தோன்றும் பக்கத்தில் அவ்வேறுபாட்டை மாணவர் எங்ஙனம் காண்பார்? நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லும் இவ்வாறே இடம் மாறித் தோன்றும்.

பெயரும் அகலமும்

தோற்றத்தை மாற்றும் வழிகளுள் பழையது, உலாவி தன்னைப் பற்றி அனுப்பும் அடையாளச் சரத்தைப் படித்து, பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடுவது. இச்சான்று நம்பத்தக்கதன்று. 2019இல் வந்த ஐபேடுஓஎஸ் 13 முதல், ஐபேடின் சஃபாரி இயல்பாகவே தன்னை மேக் கணினி என அறிவிக்கிறது. ஆண்ட்ராய்டு குரோம் உலாவி 2023 முதல் கருவியின் மாதிரிப் பெயருக்குப் பதிலாக 'கே' என்னும் ஓரெழுத்தையே தருகிறது. மற்றொரு வழி, திரையின் அகலத்தை அளந்து அதற்கேற்பப் பக்கத்தை அமைப்பது. 2010இல் ஈத்தன் மார்க்காட் பெயரிட்டு விளக்கிய இம்முறைக்குக் கருவியின் பெயர் தேவையில்லை. செய்யுள் சிதைவதும் அகலத்தால்தான். ஆதலின் தீர்வும் அகலத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

பெயர்வழி முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. வேகம் குறைந்த இணைப்புக்குச் சுருங்கிய பக்கத்தை அனுப்ப அது உதவும். எனினும், சுருக்கும்போது பாடவேறுபாடும் அடிக்குறிப்பும் நீக்கப்பட்டால் வாசகர் பெறுவது வேறொரு பதிப்பு. சுமையாவது எழுத்தன்று, படமே. சுவடிப் படங்களை வாசகர் கேட்கும்போது மட்டும் அனுப்பினால் போதும்.

வரிசைமுறை

தெரிவுகளைப் பின்வருமாறு வரிசைப்படுத்துவது தகும். முதலிடம் வாசகரின் விருப்பத்திற்கு உரியது. அவர் முழுப்பக்கத் தோற்றத்தைத் தேர்ந்தால் அடுத்த வருகையிலும் அதுவே நிலைக்க வேண்டும். அடுத்தது திரையின் அகலம். உலாவியின் பெயர் இறுதியானது. குறிப்பிட்ட உலாவியில் தமிழெழுத்து பிழையாகத் தோன்றினால், அதனைச் சரிசெய்ய மட்டும் அது பயன்படட்டும். எத்தோற்றத்திலும் பக்க முகவரி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் மேற்கோளைச் சரிபார்ப்பவர் வேறொரு பக்கத்தை அடைய நேரும். மடங்கிய சீரை உள்தள்ளிக் காட்டி, மூல அடிக்கே அடியெண் இட வேண்டும்.

முடிவுரை

மின்னூல் வெளியிடும் தமிழ்த்துறைகள் மெய்ப்புப் பார்த்தலைக் கணினித் திரையோடு முடித்துக்கொள்கின்றன எனில், பணி பாதியே முடிந்ததாகும். ஓர் ஆசிரியப்பாவையும் ஒரு வெண்பாவையும் கைப்பேசியில் திறந்து, அடியெண்ணிப் பார்த்த பின்னரே வெளியிடுதல் நன்று. உப்பூர் மாணவரும் சென்னை ஆய்வாளரும் ஒரே பாடத்தைப் படிக்கும் நிலை அப்போதுதான் உறுதியாகும்.