கோல்ஃப் கிளப்பும் குருகுலப் பந்தியும்

கோல்ஃபைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் அந்த மட்டையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் அமெரிக்க கோல்ஃப் சங்கம் தன் அமெச்சூர் போட்டிகளுக்குத் தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகள் முன்கூட்டியே அறிவிக்கும் மைதானங்களின் பட்டியலைப் பார்த்தபோது, நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று அதில் கண்ணில் பட்டது. 2026ஆம் ஆண்டின் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் பென்சில்வேனியாவின் மெரியன் கிளப்புக்கு. 2027ஆம் ஆண்டுக்கானது நியூயார்க் மாநிலத்தின் ஓக் ஹில் கிளப்புக்கு. இரண்டும் தனியார் கிளப்புகள். இந்த வகைக் கிளப்புகளில் பணம் மட்டும் இருந்தால் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் கைகாட்ட வேண்டும்.

உள்ளே யார் வரலாம் என்பதை உள்ளே இருப்பவர்களே தீர்மானிக்கும் இடம். அக்ரகாரத்தையும் ஊர்த்தெருவையும் பார்த்த நமக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

மெரியனும் ஓக் ஹில்லும் குற்றம் செய்தவை என்று நான் சொல்ல வரவில்லை. என் கேள்வி தேர்ந்தெடுக்கும் சங்கத்தைப் பார்த்து. ஒரு கிளப்புக்குச் சாம்பியன்ஷிப் கொடுப்பது என்றால் வெறும் புல்தரைக்கு மதிப்பெண் போடுவதா? அந்தக் கிளப்பின் பெயரை வரலாற்றில் பொறிக்கும் மரியாதை அது. அந்த மரியாதைக்கு ஈடாக என்ன கேட்கிறீர்கள்?

1990ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம். 1963இல் கறுப்பர்களின் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற அதே நகரம். அங்கே ஷோல் கிரீக் என்ற கிளப்பில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் நடக்க இருந்தது. கறுப்பர்களை மட்டும் சேர்க்கும் வழக்கம் எங்களிடம் இல்லை என்ற பொருளில் கிளப்பின் நிறுவனர் பத்திரிகை ஒன்றிடம் வெளிப்படையாகவே பேசிவிட்டார். கறுப்பின அமைப்புகள் போராட்டம் அறிவித்தன. பெரிய நிறுவனங்கள் தொலைக்காட்சி விளம்பரங்களைத் திரும்பப் பெற்றன. போட்டி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு கறுப்பினத் தொழிலதிபரைக் கிளப் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஒருவர். ஒரே ஒருவர். போட்டி நடந்தது.

இதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத செய்தி வேறு. அதற்கு நான்கே ஆண்டுகள் முன்பு, 1986இல், இதே ஷோல் கிரீக்கில்தான் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்தது. அதே கிளப், அதே கதவு. அப்போது இப்படி ஒரு புயல் கிளம்பவில்லை. அமெச்சூர் போட்டியில் அவ்வளவு விளம்பரப் பணம் இல்லை. ஆதிக்கத்தின் மனசாட்சி பெரும்பாலும் அதன் பணப்பையில்தான் இருக்கிறது. பணம் புழங்காத இடத்தில் மரியாதை சத்தமில்லாமல் கைமாறுகிறது. அமெச்சூர் போட்டிகளின் மைதானத் தேர்வை நாம் உற்றுப் பார்க்க வேண்டியது அதனால்தான்.

அந்த அமளிக்குப் பிறகு, பாகுபாடு காட்டும் கிளப்புகளுக்குப் போட்டி இல்லை என்று கோல்ஃப் அமைப்புகள் விதி செய்தன. கலிபோர்னியாவின் சைப்ரஸ் பாயின்ட் கிளப் என்ன செய்தது தெரியுமா? ஆண்டுதோறும் தன் மைதானத்தில் நடந்துவந்த தொழில்முறைப் போட்டியையே விட்டு விலகிக்கொண்டது. காத்திருப்போர் வரிசை நீளமானது, அதில் யாரையும் முன்னே தள்ள முடியாது என்பது அதன் வாதம். நியாயம்போலத்தான் தெரியும். 'தகுதி' என்ற சொல்லும் நமக்கு முதலில் நியாயம்போலத்தான் தெரிந்தது. வரிசையில் இடம் பிடிக்கவே உறுப்பினரின் சிபாரிசு வேண்டும் என்றால், அந்த வரிசை யாருக்காகப் போடப்பட்டது?

2025 செப்டம்பரில் வாக்கர் கோப்பை அதே சைப்ரஸ் பாயின்டில் நடந்தது. அமெரிக்க அமெச்சூர் வீரர்களும் பிரிட்டன், அயர்லாந்து அமெச்சூர் வீரர்களும் மோதும் போட்டி அது. பொதுவிதியை ஏற்பதைவிட வெளியேறுவதே மேல் என்று முடிவெடுத்த கிளப்புக்கு முப்பத்தைந்து ஆண்டுகளில் மரியாதை திரும்பிவிட்டது. இந்த முறையும் வழி அமெச்சூர் போட்டிதான்.

'அமெச்சூர்' என்றால் காசுக்காக ஆடாதவர், ஆட்டத்தின் மீதுள்ள காதலால் ஆடுபவர் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் ஒரு காலத்தில், குறிப்பிட்ட வயதுக்கு மேல் கூலிக்கு மட்டைப்பை சுமந்தால் அமெச்சூர் தகுதி போய்விடும். அந்தத் தொழிலாளிக்குப் பெயர் கேடி. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்பது தற்செயல், ஆனால் பொருத்தமான தற்செயல். 1913இல் இருபது வயதில் அமெரிக்க ஓப்பனை வென்ற பிரான்சிஸ் வீமெட் முன்னாள் கேடி. விளையாட்டுப் பொருள் வியாபாரத்தில் இறங்கியதற்காக 1916இல் அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். உழைத்துக் கூலி வாங்கிய கை தீட்டு. பரம்பரைச் சொத்தில் ஆடும் கை தூய்மை. அவர்கள் மனு தர்மம் படித்திருக்க வேண்டியதில்லை. உழைப்பை இழிவாக்குகிறவர்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சிந்திக்கிறார்கள்.

தொழில்முறை வீரர்களின் சங்கமான பி.ஜி.ஏ., வெள்ளையருக்கே உறுப்பினர் உரிமை என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. 1961இல்தான் அதை நீக்கியது. அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் தொடங்கியது 1895இல். முதல் கறுப்பின வெற்றியாளர் டைகர் வுட்ஸ், 1994இல். இடையில் 99 ஆண்டுகள். எழுதி வைத்த விதியைப் போராடி அடிக்கலாம். எழுதாத விதிக்கு முகவரியே இருக்காது.

அந்த 99 ஆண்டுகளின் நடுவே ஒரு வேறு கதவும் இருந்தது. தனியார் கிளப் உறுப்பினர் அல்லாதவர்களுக்காக, பொது மைதானங்களில் ஆடுபவர்களுக்காக, 1922இல் ஒரு தனிப் போட்டி தொடங்கப்பட்டது. அதன் பெயர் அமெச்சூர் பப்ளிக் லிங்க்ஸ் சாம்பியன்ஷிப். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் போட்டி ஒன்றை வென்ற முதல் கறுப்பர் பில் ரைட் வென்றது இதைத்தான், 1959இல், டென்வர் நகரத்தின் பொது மைதானத்தில். 2014ஆம் ஆண்டுப் போட்டியோடு இதற்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். மற்றப் போட்டிகள் இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கின்றன, எனவே இது தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். "இப்போதெல்லாம் யார் சார் சாதி பார்க்கிறார்கள், இன்னும் எதற்கு இடஒதுக்கீடு" என்ற குரல் உங்கள் காதில் விழுகிறதா? எனக்கு விழுந்தது.

"தனியார் இடம், அவர்கள் இஷ்டம்" என்பார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. 1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டம் பொது இடங்களில் பாகுபாட்டைத் தடை செய்தது, உண்மையான தனியார் கிளப்புகளுக்கு விலக்கும் அளித்தது. நம் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பொதுப் பயன்பாட்டு இடங்களைத்தான் பட்டியலிடுகிறது.

சட்டம் நிற்கும் இடத்தில் நம் இயக்க வரலாறு ஒரு வழி காட்டுகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். அது காங்கிரஸ் கமிட்டியிடம் 5,000 ரூபாய் வாங்கிய நிறுவனம். பொதுப்பணம் வாங்கிய இடத்தில் தனிப் பந்தி எப்படி என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்ட கேள்வியில் தமிழ்நாட்டு அரசியலே திரும்பியது. பொதுப்பணத்துக்கு அந்தக் கேள்வி பொருந்தும் என்றால் பொது மரியாதைக்கும் பொருந்தும். உன் புல்வெளியில் நீ விரும்பியவரோடு ஆடிக்கொள். ஒரு நாட்டின் சாம்பியன்ஷிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, கதவு மட்டும் என் சொந்தக் கதவு என்று சொல்லாதே.

அமெரிக்கா எங்கோ இருக்கிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். 2017இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், காசி பழங்குடிப் பெண் ஒருவர் தன் மரபு உடையான ஜெயின்செம் அணிந்து விருந்தினராகச் சாப்பிட உட்கார்ந்தார். பணிப்பெண்போல இருக்கிறது என்று சொல்லி அவரை வெளியேறச் சொன்னார்கள். அந்தக் கிளப் இருப்பது அரசிடம் குத்தகைக்கு வாங்கிய நிலத்தில். 2014இல் சென்னைக் கிளப் ஒன்றில், வேட்டி கட்டிவந்த உயர் நீதிமன்ற நீதிபதியைத் தடுத்தார்கள். அடுத்த மாதமே நம் சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டியைத் தடுத்தால் உரிமம் ரத்து. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் காப்பது உடையை மட்டும்தான். உறுப்பினர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. ஷோல் கிரீக்கின் ஒற்றைக் கௌரவ உறுப்பினரும் நம் வேட்டியும் ஒரே வகை வெற்றி. வாசலில் ஒருவருக்கு வழி விடுவார்கள், வாசல் அப்படியே இருக்கும்.

எனவே, மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் எந்தச் சங்கத்தையும், அமெரிக்காவானாலும் இந்தியாவானாலும், மூன்று கேள்விகள் கேட்போம். உறுப்பினர் சேர்க்கை எப்படி நடக்கிறது என்பதைப் பகிரங்கமாக வெளியிடாத கிளப்புக்கு ஏன் போட்டி? உறுப்பினர்களில் யார் எத்தனை பேர், பை சுமப்பவர்களிலும் புல் வெட்டுபவர்களிலும் யார் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கே? பொது மைதானங்களுக்கு முதலிடம் தர என்ன தடை?

தரமான பொது மைதானம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. 2010இல் அமெரிக்க அமெச்சூர் போட்டி நடந்த சேம்பர்ஸ் பே, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. பழைய சரளைக் குவாரியில் அமைத்த மைதானம் அது. குவாரியில் நடத்த முடிந்த சாம்பியன்ஷிப்பை எங்கேயும் நடத்தலாம்.

கோல்ஃப் ஆடுவது நம் கனவு இல்லை என்று சில தோழர்கள் சொல்லலாம். இருக்கட்டும். பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதற்காகவா சேரன்மாதேவியில் சண்டை நடந்தது?