சுட்டது எப்போது? பட்டது எப்போது?



"சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன்! அப்புறமும் சுட்டுவிட்டான். ஏமாற்றுக்காரன்!"

மேசையைத் தட்டியபடி என் அண்ணன் மகன் போட்ட கூச்சல் இது. கல்லூரியில் முதலாண்டு படிப்பவன். அவனுடைய கணிப்பொறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது 'கவுண்டர்-ஸ்டிரைக் 2'. அந்த ஆட்டம் 2023 செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது. வெளிவந்த அந்த வாரத்திலேயே அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஆடியும் பார்த்தேன். (எத்தனை முறை செத்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.) அன்று மனத்தில் பட்டவற்றை உங்களிடம் சொல்கிறேன்.

அணிக்கு ஐவராக இரண்டு அணிகள். துப்பாக்கி ஏந்தியவனின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டு 'ஹாஃப்-லைஃப்' என்னும் வேறோர் ஆட்டத்தின் மேல் இரண்டு இளைஞர்கள் ஒட்டுக் கட்டடம்போலக் கட்டியது இது. பிறகு வால்வ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பதிலாக வந்ததே இந்தப் புதிய பதிப்பு.

சரி, அந்த எதிராளி ஏமாற்றினானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கணிப்பொறியிலிருந்து சர்வருக்குச் செய்தி போக 20 மில்லி வினாடி ஆவதாக வைத்துக்கொள்வோம். எதிராளிக்கும் அப்படியே. நீங்கள் நிற்கும் இடம் சர்வருக்குப் போய், அங்கிருந்து அவன் திரைக்குப் போக 40 மில்லி வினாடி. அவன் சுட்ட செய்தி சர்வருக்கு வந்து, உங்களை வந்தடைய இன்னொரு 40. மொத்தம் 80. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவன் இதற்குள் 40 சென்டிமீட்டர் போய்விடுவான். எதிராளி உங்களைச் சுவருக்கு வெளியே பார்த்துத்தான் சுட்டான். குண்டு பட்ட செய்தி வரும்போது நீங்கள் உங்கள் திரையில் சுவருக்குப் பின்னால் இருக்கிறீர்கள். சர்வர் என்ன செய்கிறது தெரியுமா? கடந்த சில கணங்களின் பதிவை வைத்துக்கொண்டு, சுட்டவன் பார்த்த கணத்திற்குத் திரும்பிப் போய்த் தீர்ப்புச் சொல்கிறது. இருவர் சொல்வதும் அவரவர் கடிகாரப்படி உண்மையே!

இந்தத் தாமதத்தை முழுவதும் ஒழிக்க முடியுமா? முடியாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். சர்வர் 1000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய்வர 10 மில்லி வினாடி ஆகியே தீரும்.

புதிய பதிப்பு இந்தக் கால விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. முந்தைய பதிப்பில் நிறுவனத்தின் சர்வர்கள் வினாடிக்கு 64 முறை கணக்கெடுத்தன. இரண்டு கணக்குகளுக்கு நடுவே 15.6 மில்லி வினாடி. நடுவில் எப்போது பொத்தானை அழுத்தினாலும் அடுத்த கணக்கில்தான் சேரும். தபால் பெட்டியில் காலை எட்டு மணிக்குப் போட்டாலும் பத்து மணிக்குப் போட்டாலும், தபால்காரர் வந்து எடுக்கும்போதுதானே கடிதம் புறப்படும்? அதுபோல. இப்போது ஒவ்வொரு கடிதத்தின் மேலும் போட்ட நேரம் குறிக்கப்பட்டிருக்கிறது. அதனால் யார் முந்தினார் என்பதைத் தீர்மானிக்கலாம்.

ஆனால் தோட்டா விஷயத்தில் எனக்குத் திருப்தியில்லை. இந்த ஆட்டத்தில் தோட்டாவுக்குப் பயண நேரமே கிடையாது. விசையை அழுத்திய கணமே பட்டுவிடும், புவியீர்ப்பும் கிடையாது. உண்மையான ஏகே-47 துப்பாக்கியின் தோட்டா வினாடிக்குச் சுமார் 715 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 30 மீட்டரைக் கடக்க 42 மில்லி வினாடி. அதற்குள் அது கீழே விழும் தூரம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆகவே புவியீர்ப்பை விட்டதை மன்னித்துவிடலாம். நேரத்தை விட்டதை எப்படி மன்னிப்பது? குறுக்கே ஓடுகிறவன் 42 மில்லி வினாடியில் 21 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். தலையைக் குறிபார்த்தால் தோட்டா தலைக்குப் பின்னால் போய்விடும்! 15.6 மில்லி வினாடிக்காக இத்தனை பாடுபட்டவர்கள், அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலான நேரத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆட வசதியாக இருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். இயற்பியல் இதுதான் என்று மட்டும் நீங்கள் எண்ணிவிடாதீர்கள்.

நான் சொக்கிப் போனது புகையைக் கண்டுதான். புகைக்குண்டை எறிந்தால் அது அறையின் வடிவத்துக்கு ஏற்பப் பரவுகிறது. வாசல் வழியே அடுத்த பக்கம் கசிகிறது. தோட்டா பாய்ந்தால் கண நேரம் ஒரு துளை. வெடிகுண்டு வெடித்தால் விலகி வழிவிட்டு, மறுபடி வந்து மூடிக்கொள்கிறது. அந்த 'மறுபடி'தான் இடிக்கிறது. வீட்டில் ஊதுபத்திப் புகையைக் கையால் விசிறிக் கலைத்துவிட்டுப் பாருங்கள், பழைய வடிவத்துக்கு ஒருநாளும் திரும்பாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதன் முந்தைய பதிப்பு, அமெரிக்கத் தர நிர்ணயப்படி, 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. உங்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். குண்டு வைப்பவர்களின் அணியில் நின்று அதிகம் பேரைக் கொன்றால் முதலிடம் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்து, துப்பாக்கிக்கு அதிர்ஷ்டம்போல் ஏதோ ஒரு வண்ணப்பூச்சு பெறுவது அதைவிடப் பிடிக்கவில்லை. அது லாட்டரிச் சீட்டின் தம்பி.

ஆட்டம் முடிந்ததும் அண்ணன் மகன் வேறு பேச்சைத் தொடங்கினான். வினாடிக்கு 240 முறை படம் மாற்றும் மானிட்டர் வேண்டுமாம். அப்பாவிடம் நான் சிபாரிசு செய்ய வேண்டுமாம். அவனிடம் இருந்தது 60 முறை மாற்றுவது. ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி, புதியதில் 4.2. மிச்சம் 12.5 மில்லி வினாடி.

ஒரு 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துவரச் சொன்னேன். நீங்களும் செய்யலாம். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விட வேண்டும். மற்றவர் சுழியத்துக்கு நேரே விரல்களை வைத்திருந்து பிடிக்க வேண்டும். விழுந்த தூரத்தை இரண்டால் பெருக்கி, 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உங்கள் கை விழித்துக்கொள்ள ஆகும் நேரம் கிடைக்கும். தூரத்தை மீட்டரில் போட மறக்காதீர்கள். அவன் 18 சென்டிமீட்டரில் பிடித்தான்: 192 மில்லி வினாடி. நான் 25 சென்டிமீட்டரில்: 226. அவன் பத்து முறை செய்தபோது, ஒரு முறைக்கும் மறு முறைக்கும் இருந்த வேறுபாடே சில சமயம் 20 மில்லி வினாடிக்கு மேல் போயிற்று.

காகிதத்தில் எழுதி வைத்திருந்த அந்தப் பத்து எண்களை அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மானிட்டர் பேச்சை அன்று எடுக்கவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது மறுபடியும் எடுத்தான்.