பொட்டலம் எனக்கு, போட்டி யாருக்கு?

கூரியர் கம்பெனிகள் இன்னும் பெருக வேண்டும், போட்டி முற்றினால் பினாங்கு ஜார்ஜ்டவுன் வீடுகளுக்கு விடிவு பிறக்கும் என்று நண்பர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருந்தார். பெயர் வேண்டாம். இந்த வாதம் அவர் ஒருவருடையது அல்ல. வணிகர் கூட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் தினம் கேட்பதுதான். அவர் செய்த ஒரே புதுமை, அதை நான்கு பக்கத்துக்கு நீட்டியது.

மூன்று தூண்களில் நிற்கிறது அவர் மண்டபம். போட்டியால் கட்டணம் இறங்கிவிட்டது. சேவை சரியில்லாத கம்பெனியை வாடிக்கையாளர் கைவிடுவார். மோட்டாரில் பொட்டலம் கொண்டுவரும் தம்பி தனக்குத் தானே முதலாளி. நடுத் தூணை முதலில் தட்டிப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் கைவிடுவாராம். எந்த வாடிக்கையாளர்? நண்பர் கடைசியாக எப்போது தன் கூரியரைத் தானே தேர்ந்தெடுத்தார்? இணையக் கடையான ஷாப்பியிலோ லஸாடாவிலோ ஒரு குக்கர் வாசர் வாங்கிப் பார்க்கட்டும். அளவு கேட்கும், நிறம் கேட்கும், பணம் எப்படி என்று கேட்கும். யார் கொண்டுவருவது என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானித்துவிடும். இரண்டுக்குமே சொந்த விநியோகப் படை இருக்கிறது. கடையும் அவர்களுடையது, வண்டியும் அவர்களுடையது, தராசும் அவர்கள் கையில். பக்கத்து இந்தோனேசியாவில், ஷாப்பி சில கூரியர்களுக்கு மட்டும் வழிவிடுகிறது என்று போட்டி மேற்பார்வை ஆணையம் வழக்கெடுத்தது. 2024-இல் தன் நடைமுறையை மாற்றிக்கொள்ள ஷாப்பி ஒப்புக்கொண்டது. நண்பரின் நான்கு பக்கத்தில் இதற்கு நான்கு சொல்கூட இல்லை.

என் கதையைக் கேளுங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம், லெபோ பாசாருக்குப் பக்கத்துச் சந்தில், எங்கள் கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி சிணுங்கியது: வீட்டில் ஆள் இல்லை, பொட்டலம் திரும்பிப் போகிறது. நான் இருக்கிறேனா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம். அந்தக் கம்பெனியைக் கைவிடுவதென்று அன்றே முடிவுகட்டினேன். அடுத்த வாரம் வேறு கடையில் வேறு பொருள் வாங்கினேன். அதே கம்பெனிதான் வந்தது. நான் கைவிட்டேன், அது என்னை விடவில்லை.

இதுதான் விஷயம். இந்தச் சந்தையில் கூரியருக்கு வாடிக்கையாளர் நீங்களும் நானும் அல்ல; மொத்தமாகச் சரக்கு தரும் தளம். போட்டி நடப்பது அந்தத் தளத்தின் வாசலில். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, இன்னும் எவ்வளவு குறைப்பாய் என்பது. என் வீட்டு வாசலில் போட்டியே கிடையாது, வருகிறவர் வருவார்.

கட்டணம் இறங்கியது உண்மை. இறக்கியது யார் பையிலிருந்து? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான். நெரிசலான நகர வீடுகளைத் தனியார் அள்ளிக்கொள்கிறார்கள். எல்லா முகவரிக்கும் கடிதம் சேர்க்கும் கடமை அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவின் தலையில். அது ஆண்டுக்கணக்காக நட்டம் காட்டுகிறது. 2020 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் புதிய கூரியர் உரிமங்களை நிறுத்திவைத்ததே பிழை என்கிறார் நண்பர். அப்போதே நூற்றுக்கும் மேற்பட்ட உரிமங்கள் வெளியே இருந்தன. நூறு பேர் ஓடியும் என் வாசலுக்கு வராத நியாயம், நூற்றொன்றாவது ஆளின் தோளில் ஏறி வந்துவிடுமா?

விலையைத் தொட்டால் வணிகம் செத்துவிடும் என்றும் பயமுறுத்துகிறார். ஜப்பானின் யமாத்தோ கூரியர் கம்பெனி 2017-இல், 27 ஆண்டுகளில் முதல்முறையாக, அடிப்படைக் கட்டணத்தை உயர்த்தியது. ஆட்களால் சுமை தாங்க முடியவில்லை என்பதே காரணம். ஜப்பானியர் பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டதாகத் தகவல் இல்லை.

இனி அந்த 'முதலாளி'யைப் பார்ப்போம். எங்கள் சந்துக்கு வரும் தம்பியின் மோட்டாரில் முன்னால் ஒரு கூடை, பின்னால் இரண்டு சாக்கு. கைப்பேசியை மழைக்காகப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பையின் மேலேயே விரலால் தேய்க்கிறார். ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு என்பதை அவர் சொல்வதில்லை, அவருக்குச் சொல்லப்படுகிறது. வழியும் அப்படியே, பிடித்தமும் அப்படியே. இருட்டுவதற்குள் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு கணக்குக் காட்டியாக வேண்டும். வண்டி நிறுத்த இடமில்லாத தெருவில், கடைசி இருபது பொட்டலத்துக்கு 'ஆள் இல்லை' என்பதைவிடச் சுருக்கமான கணக்கு ஏது? என் கைப்பேசிக்கு வந்த பொய்யை எழுதியது அவர் விரல். எழுதவைத்தது அந்த விலை.

2021 பிப்ரவரியில் ஜே அண்டு டி கூரியர் கம்பெனியின் பேராக் கிடங்கில் ஊழியர்கள் பொட்டலங்களைத் தூக்கி வீசிய காணொளியை நாடே பார்த்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டது. பின்னணியில் இருந்தது ஊதியப் பிரச்சினை. 2025 ஆகஸ்டு 28 அன்று, இந்தத் தம்பி போன்றவர்களுக்கான கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் அப்போதைய மனிதவள அமைச்சர், நம் புக்கிட் மெர்தாஜாம் உறுப்பினர் ஸ்டீவன் சிம். முறையிட ஒரு நடுவர் மன்றமும் சமூகப் பாதுகாப்பும் அதில் உண்டு. முதலாளிகளுக்கு எதற்கு நடுவர் மன்றம் என்று நண்பர்தான் விளக்க வேண்டும்.

தெருவையும் அவர் மறந்துவிட்டார். 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததால் எங்கள் சந்து ஓர் அடிகூட அகலமாகவில்லை. ஒரே காலையில் நான்கு கம்பெனி வண்டிகள், நான்கு வீட்டுக்கு நான்கு பொட்டலம். பின்னால் மீன்காரர் ஹார்ன் அடிக்கிறார். இதற்குப் பெயர் திறமையாம்.

போட்டியை நான் எதிர்க்கவில்லை. அது இன்னும் வந்து சேரவில்லை என்கிறேன். வாங்கும் பக்கத்தில் கூரியர் பெயரும் விலையும் தெரியட்டும், பொத்தான் என் விரலுக்குக் கீழே இருக்கட்டும். சந்து முனையில் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக ஒரு பெறுமிடம் அமையட்டும். அதன் பிறகு மோசமானவர் ஒழிகிறாரா என்று பார்ப்போம்.

அதுவரை நண்பர் தன் அடுத்த கட்டுரையை எனக்குக் கூரியரில் அனுப்பிவைக்கலாம். நான் அஞ்சடியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆள் இல்லை என்று அவருக்குத் தகவல் வரும்.