யாரை யாரோடு ஒப்பிடுவது?

சென்ற திங்கள், நம்மிடம் பாடம் கேட்கும் காஞ்சி மாணவர் சிலரை அழைத்து, கான் சாஹிப் யூசுப் கானைப் பற்றித் தெரிந்ததை எழுதுமாறு கூறினோம். பதினான்கு வயதுப் பிள்ளைகள். மார்க்கக் கல்வியோடு பள்ளிக் கல்வியும் பெறுபவர்கள். வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வருணனை: முறுக்கிய மீசை, விரிந்த தலைமுடி, எருதின் மீதேறிப் பாய்ந்து வரும் வீரன்.

அது யூசுப் கான் அன்று, நடிகர் கமல்ஹாசன். 1997இல் இங்கிலாந்து அரசி எலிசபெத் முன்னிலையில் தொடங்கப்பெற்று, முடிவுறாமலே நின்றுபோன 'மருதநாயகம்' படத்தின் காட்சி. முடியாத படமே இவ்வளவு செய்யுமெனில், முடிந்திருந்தால் என்னாகியிருக்கும்! கும்பினிப் படையில் தளபதியாயிருந்து பூலித்தேவன் முதலிய பாளையக்காரரை அடக்கியவர், மதுரையின் ஆட்சிப் பொறுப்பேற்றவர், பின்னர் ஆர்க்காட்டு நவாபையும் அதே கும்பினியையும் எதிர்த்துக் கோட்டைக்குள் நின்றவர், தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபரில் தூக்கிலேறியவர் என்ற செய்திகளில் ஒன்றேனும் அத்தாள்களில் இல்லை. ஒருவர் முன்னர்ச் செய்ததும் பின்னர்ச் செய்ததும் ஒன்றோடொன்று மோதும் அரிய வாழ்க்கை அது. மீசை அதை மறைத்துவிட்டது.

இந்நோய் நம் ஊருக்குப் புதிதன்று. காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணா, மராட்டிய மன்னர் சிவாஜியின் முடிசூட்டு விழாவுக்கு எழுந்த தடையைப் பொருளாக வைத்து ஒரு நாடகம் எழுதினார். 1940களின் நடுவில் அது மேடையேறியபோது மன்னர் வேடம் பூண்டவர் வி. சி. கணேசன். நடிப்பைக் கண்ட பெரியார் அவரைச் 'சிவாஜி' என்றழைத்தார். அன்று தொட்டு இன்றுவரை, 'மராட்டிய' என்ற அடைமொழி சேர்த்தாலன்றித் தமிழன் நெஞ்சில் அம்மன்னர் தோன்றுவதில்லை. முடிசூடத் தகுதி பிறப்பால் வருவதா என்று கேட்கவே அண்ணா அந்நாடகத்தை எழுதினார். கேள்வி போயிற்று, பெயர் நின்றது. நடிகரை நாம் குறை கூறவில்லை. தாமே சத்ரபதி என்று அவர் எங்கும் சொன்னதில்லை. குறை பார்த்தவர்களுடையது.

அதே அண்ணாவைக் கல்கி 'தென்னாட்டு பெர்னாட்ஷா' என்றார். அதை நாம் ஏற்கிறோம். ஏனெனில் அங்கே காரணம் உண்டு: சமுதாயத்தின் பொய்யை நாடக மேடையில் நகைச்சுவையோடு உரித்துக் காட்டுதல். ஷாவின் வெண்தாடிக்கும் அண்ணாவின் முகத்துக்கும் என்ன ஒற்றுமை? ஒன்றுமில்லை. ஒப்புமை அதனால் கெடவுமில்லை.

அரபு மத்ரஸாவில் பலாகத் ஓதியவர் அறிவர்: தஷ்பீஹ் என்னும் உவமைக்கு உறுப்பு நான்கு. ஒப்பிடப்படும் பொருள் முஷப்பஹ். உவமை முஷப்பஹ் பிஹி. 'போல' என்னும் உருபு அதாத். இரண்டுக்கும் பொதுவான தன்மை வஜ்ஹுஷ் ஷபஹ். நம் தொல்காப்பியரும் உவமைக்கென ஓர் இயலே வகுத்தார். 'ஸைத் சிங்கம்' என்று உஸ்தாத் எடுத்துக்காட்டும்போது உருபும் பொதுத்தன்மையும் மறைந்து நிற்கும். ஆயினும் முதலாண்டு மாணவன்கூட ஸைதுக்குப் பிடரி மயிர் உண்டா என்று கேட்பதில்லை. வீரம் என்று அறிவான். நாமோ இன்று பிடரியை ஒப்பிட்டு மகிழ்ந்து, வீரத்தை விட்டுவிட்டோம். விசைத்தறிச் சேலையைக் காட்டிக் காஞ்சிப் பட்டு என்றால், மறுபுறம் திருப்பிக் கோர்வையைத் தடவிப் பார்க்கின்ற ஊர் இது. மனிதர் விஷயத்தில் மட்டும் ஏன் திருப்பிப் பார்ப்பதில்லை?

துருக்கித் தொடர் ஒன்றைக் கண்டு நம் இளைஞர் எர்துக்ருலைக் கொண்டாடினர். அதனால் உஸ்மானியர் வரலாற்றைத் தேடிப் படித்த பிள்ளைகளும் உண்டு. அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் அத்துருக்கியிலேயே 2020இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஓர்து நகரில் எர்துக்ருலுக்கென நிறுவிய சிலை, தொடரில் நடித்தவரின் முகச்சாயலில் அமைந்திருந்தது. கண்டனம் எழவே அகற்றப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மனிதருக்கு இருபத்தோராம் நூற்றாண்டு முகம்! அவர்களுக்காவது வெட்கம் வந்தது.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்றால், செத்தும் கொடுத்தவர் என்று பாமரரும் அறிவர். (2018இல் அப்பெயரில் வந்த திரைப்படத்துக்குப் பின் விஜய் சேதுபதி என்றும் சிலர் அறிவர், அது போகட்டும்.) சென்ற ஆண்டு ஒரு விழாவில், பள்ளிவாசலுக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த செல்வரை 'இந்நூற்றாண்டின் சீதக்காதி' என்றது வாயிலில் கட்டிய தட்டி. விசிறிகளைவிடத் தட்டி பெரிது. சீறாப்புராணம் பிறக்கத் துணைநின்ற கை எங்கே, இது எங்கே? அதே மேடையில் நம்மையும் 'இக்கால உமறுப்புலவர்' என்றனர். முகத்துக்கெதிரே புகழ்வோர் மீது மண்ணைத் தூவச் சொன்ன மார்க்கத்தை ஓதிக்கொடுக்கும் நாம், எழுந்து மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. சால்வையைப் பெற்றுக்கொண்டு அமர்ந்தோம். வீடு திரும்பியதும் இல்லத்தார் கேட்டார்: "அவர் 5,000 விருத்தத்துக்கு மேல் பாடினார். நீங்கள் என்ன பாடினீர்கள்?" இன்றளவும் விடையில்லை.

உற்சாகமூட்டத்தானே சொல்கிறோம் என்பர். ஒப்பிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களே ஜஅஃபர் (ரலி) அவர்களைத் தோற்றத்திலும் குணத்திலும் தம்மை ஒத்தவர் என்றார்கள். கல்க் என்றால் படைப்பு, தோற்றம். குல்க் என்றால் குணம். அரபியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. முதலெழுத்தின் மேல் ஸபரா, பேஷா என்பதே வேறுபாடு. குறியில்லாமல் எழுதினால் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும்.

ஜஅஃபரிடம் அந்தக் குணம் எதில் விளங்கிற்று? ஏழைகளை அழைத்துச் சென்று வீட்டிலுள்ளதை உண்ணக் கொடுப்பார். உணவு ஒன்றுமில்லாத நாளில் வெறும் நெய்ப்பையையேனும் எடுத்து வருவார், அதைப் பிளந்து ஒட்டியிருப்பதை வழித்து உண்பர் என்று, அப்படி உண்டவர்களுள் ஒருவரான அபூஹுரைரா (ரலி) அவர்களே சாட்சி கூறுகிறார்கள். தட்டி கட்டி அறிவித்த செய்தியன்று. பசித்தவர் சொன்ன செய்தி.

ஆதலின் ஜமாஅத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். இனி மேடையில் எவரேனும் 'இக்கால உமர்', 'இன்றைய ஸலாஹுத்தீன்' என்று தொடங்கினால், முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "எதில், ஹஜ்ரத்?" என்று கேட்கட்டும். பேச்சாளர் விடை சொன்னால் அமரட்டும். சொல்லாவிடில் நின்றுகொண்டே இருக்கட்டும். பேசுபவர் நாமாயிருப்பினும் சரி.

பிள்ளைகளின் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். மீசையை விட்டுவிட்டு, கும்பினியின் தளபதியாயிருந்த யூசுப் கான் கும்பினிக்கே மதுரைக் கோட்டைக் கதவை ஏன் அடைத்தார் என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறோம். வியாழக்கிழமை வாங்கிப் பார்க்க வேண்டும்.