தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு தானியமும்

1876-இல் பருவமழை பொய்த்தது, பயிர் கருகியது, தாது வருடப் பஞ்சம் வந்தது. நாம் படித்த சரித்திரம் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். மழையைக் குற்றம் சொல்வது எல்லோருக்கும் வசதி.

எனக்கு இதில் உறுத்தலாக இருப்பவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873-74 பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி தருவித்து, பட்டினிச் சாவுகளை ஏறக்குறைய இல்லாமலே செய்தவர் இவர்தான். அதற்குக் கிடைத்தது ஊதாரி என்ற வசவு. 1877-இல் வைஸ்ராய் லிட்டன் அவரையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார், செலவைக் கட்டுப்படுத்த. பட்ட வசவை டெம்பிள் மறக்கவில்லை போலும். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். மண் வெட்டுகிறவன் இதில் உயிர் வாழ முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்தே கூலி சற்று உயர்ந்தது. வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் இந்தச் சண்டையை விரிவாகப் படிக்கலாம்.

தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. ரயிலில் வந்திறங்கியது, ஆனால் விலை கூலிக்காரனுக்கு எட்டவில்லை. ஆளுநர் பக்கிங்ஹாம் அரசே தானியம் வாங்க முற்பட்டபோது, வணிகத்தில் தலையிடுவதாக மேலிடம் கண்டித்தது. (சென்னையில் அவர் பெயர் தாங்கிய கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.) மாண்டவர்கள் குறைந்தது 55 லட்சம் என்பார்கள், ஒரு கோடி என்போரும் உண்டு. பிழைத்தவர்களில் எத்தனையோ பேர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். நம்மில் சிலருடைய குடும்பக் கதை அந்தப் பாதையில்தான் தொடங்குகிறது.

1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது, 1883-இல் பஞ்ச விதித்தொகுப்பு வந்தது. விலை ஏறுவதையும் சனங்கள் ஊரைவிட்டுப் போவதையும் கவனித்து, சாவதற்கு முன்பே உதவியைத் தொடங்க வேண்டும் என்பது அதன் சாரம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985-இல் அமெரிக்கா நிறுவிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்தது.

போரில் சிக்கிய சூடானில் ஐந்து இடங்களில் பஞ்சம் நிலவுவதாக 2024 டிசம்பரில் நிபுணர்கள் உறுதி செய்தார்கள். அடுத்த மாதமே, வெளிநாட்டு உதவி வீண்செலவு என்று சொன்ன புதிய அமெரிக்க அரசு அதை நிறுத்தி வைத்ததில், அந்த எச்சரிக்கை அமைப்பின் பணியும் நின்றது. மீண்டும் அது இயங்கத் தொடங்க மாதங்கள் பிடித்தன.